பக்கத்துத் தரிசில் மண்டிய களைக்குச் சட்டப்படி யார் பொறுப்பு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் புன்செய் நிலத்தை ஒட்டிய பட்டா நிலம் பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கிறது. அதன் உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், எப்போதாவதுதான் வந்துபோகிறார். அந்த நிலம் முழுக்கச் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் மண்டியிருப்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உங்கள் பக்கம் களையெடுக்கும் கூலி ஏறிக்கொண்டே போகிறது. நச்சுக் களைகளை அகற்றுவது நில உரிமையாளரின் சட்டக் கடமை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர்மீது எங்கே புகார் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: அவருக்கு அப்படியொரு கடமை இருக்கிறதா, இருந்தால் அதை நிறைவேற்ற வைக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் அசையாவிட்டால் நீங்களே இறங்கி அகற்றலாமா என்பவை அவை. தென்மாவட்ட நீதிமன்றங்களில் நிலம் சார்ந்த உரிமையியல் வழக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கடமை உண்டு. ஆனால் களை முளைத்த மாத்திரத்தில் அது பிறந்துவிடுவதில்லை. ஒன்று அரசின் அறிவிக்கையால் பிறக்க வேண்டும், அல்லது நீங்கள் முறையாகத் தெரிவித்த பிறகும் அவர் கைகட்டி இருப்பதால் பிறக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டாவது வழியே பலிக்கும் என்பது என் கருத்து.

முதலில் எழுத்து வடிவிலுள்ள சட்டம். தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் 1919 முதல் இருக்கிறது. வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம் என்பது அதன் பெயர். சென்னை மாகாணக் காலத்தில் மூன்றாம் எண் சட்டமாக இயற்றப்பட்டது. பெயரில் பூச்சியும் நோயும் மட்டுமே இருந்தாலும், நச்சுக் களைகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. பெரும்பாலானோர் கவனிக்கத் தவறுவது, எந்தக் களை நச்சுக் களை என்று அந்தச் சட்டம் தானாகப் பட்டியலிடவில்லை என்பதை. ஒரு பகுதியில் ஒரு களை பயிருக்குக் கேடாகப் பரவுகிறது என்று அரசு கருதினால், அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, எந்தக் களை, எந்தப் பகுதி, எவ்வளவு காலம், என்ன நடவடிக்கை என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். அந்த அறிவிக்கை வந்த பிறகே அப்பகுதியில் நிலத்தை வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் கடமை ஏற்படுகிறது. அவர் செய்யத் தவறினால் ஆய்வு அலுவலர் நிலத்துக்குள் சென்று பார்த்து அறிவிப்புக் கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் அரசே வேலையை முடித்து, செலவை நிலவரி பாக்கியைப் போல அவரிடமிருந்து வசூலிக்கலாம்.

இந்தச் சட்டம் கடமையைச் சுமத்துவது உரிமையாளர்மீது மட்டும் அன்று. நிலத்தை அனுபவிக்கும் உரிமை உள்ளவர், உண்மையில் அனுபவத்தில் வைத்திருப்பவர், அவருடைய முகவர் ஆகியோரும், அவ்வாறு நிலம் வைத்திருக்கும் உள்ளாட்சி அமைப்பும் அதில் அடங்குவர். எனவே பட்டா ஒருவர் பெயரிலும் குத்தகை இன்னொருவர் கையிலும் இருந்தால், குத்தகைதாரரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உங்கள் பக்கத்து நிலம் தரிசாக இருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆயினும் ஆடு மேய்க்கவோ கரிமூட்டத்துக்கு விறகு வெட்டவோ யாருக்காவது வாய்மொழியாக விடப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு அனுப்பும்போது அவர் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்த வகைச் சட்டங்கள் ஏட்டிலேயே உறங்கியவை என்று சொல்லிவிட முடியாது. சென்னை மாகாணத்தில் கம்போடியா பருத்தியைக் குறிப்பிட்ட தேதிக்குள் வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்தச் சட்டத்தைக் கொண்டே நடைமுறைப்படுத்தப்பட்டது. அறுவடை முடிந்து நிற்கும் செடிகளில் பூச்சிகள் தங்கி அடுத்த பட்டத்துக்குத் தாவுவதைத் தடுப்பது அதன் நோக்கம். வங்காளத்தில் ஆகாயத்தாமரைக்காக மட்டுமே 1936-ல் தனிச்சட்டம் இயற்றினார்கள். கர்நாடகம் தன்னுடைய பூச்சி நோய்ச் சட்டத்தின்கீழ் பார்த்தீனியத்தை 1970-களில் நச்சுக் களையாக அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகும் கர்நாடகத்துச் சாலையோரங்களில் பார்த்தீனியம் குறையவில்லை என்பதை அந்தப் பக்கம் போய்வந்த எவரும் சொல்வார்கள். பயிர் விளையும் நிலத்தில் உழவன் தன் சொந்த நலனுக்காகவே கட்டுப்படுவான்; யாரும் எட்டிப்பார்க்காத தரிசிலும் சாலைப் புறம்போக்கிலும் அறிவிக்கையைப் படிக்க ஆள் இருப்பதில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை, உங்கள் வட்டத்துக்குப் பொருந்தும் அறிவிக்கை ஏதும் இன்று நடைமுறையில் இருக்கிறதா என்பதை எழுத்துமூலம் அறிந்துகொள்வது. யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம். மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். கேள்வியைக் குறுகலாக வையுங்கள்: 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பார்த்தீனியத்தையோ சீமைக் கருவேலத்தையோ குறிப்பிட்டு இந்த வட்டத்துக்கு அறிவிக்கை நடைமுறையில் உள்ளதா, இருந்தால் அதன் எண், தேதி, நகல் ஆகியவை வேண்டும் என்று கேட்டால் போதும். 'உள்ளது' என்று பதில் வந்தால் புகாரை வேளாண்மைத் துறையிடமே கொடுக்கலாம். 'இல்லை' என்று வந்தால் இந்தச் சட்டத்தை மறந்துவிட்டு அடுத்த வழிக்குச் செல்ல வேண்டும்.

சீமைக் கருவேலத்தைப் பொறுத்தவரை உயர் நீதிமன்றமே அகற்றச் சொல்லிவிட்டதே என்று பலர் கேட்கிறார்கள். நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். வைகோ தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மரங்களை அகற்றுவதற்குத் தொடர்ச்சியாக உத்தரவுகளைப் பிறப்பித்தது. பட்டா நிலங்களில் உரிமையாளர்களே அகற்ற வேண்டும், தவறினால் அரசு அகற்றிச் செலவை வசூலிக்கலாம் என்ற கருத்தும் அவற்றில் இருந்தது. அந்த மாதங்களில் பொக்லைன் இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், சூழலியல் விளைவுகளை ஆராயாமல் மொத்தமாக வெட்டக் கூடாது என்ற இன்னொரு வழக்கில் சென்னை முதன்மை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு விவகாரம் முழு அமர்வுக்குச் சென்றது. அயல் தாவரங்கள் குறித்துத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அது உண்ணிச்செடி, சீமைக் கருவேலம் போன்றவற்றை முறையாக அகற்றி நாட்டுத் தாவரங்களை மீட்பதைப் பற்றியது. அதன் கவனம் பெரும்பாலும் வனப்பகுதிகளின்மீது இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தமும் அயல் ஆக்கிரமிப்பு இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. இவை எல்லாம் அரசின் கையிலுள்ள அதிகாரங்கள். இரண்டு தனியார் பட்டாதாரர்களுக்கு நடுவே ஒருவர் மற்றவர்மேல் எடுத்து வீசக்கூடிய ஆயுதங்கள் அல்ல. 2017-ஆம் ஆண்டு உத்தரவின் நகலை மட்டும் இணைத்து வட்டாட்சியரிடம் மனுக் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் மனு பெற்றதற்கான ரசீதுதான் மிஞ்சுகிறது.

இனி உங்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய வழி. உரிமையியல் சட்டத்தில் தொல்லை என்றொரு கோட்பாடு உண்டு. ஒருவர் தன் நிலத்தில் உள்ள ஒன்றால் பக்கத்து நிலத்தின் அனுபவத்தை நியாயமற்ற அளவுக்குக் கெடுத்தால், பாதிக்கப்பட்டவர் நட்டஈடும் உறுத்துக்கட்டளையும் (ஒன்றைச் செய், அல்லது செய்யாதே என்ற நீதிமன்ற ஆணை) கேட்கலாம். நம் நாட்டில் இது சட்டப் புத்தகத்தில் பிரிவு வாரியாக எழுதப்படாதது; நீதிமன்றங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் தீர்ப்புகளிலிருந்து எடுத்து நம் சூழலுக்குப் பொருத்தி வருகின்றன. களை விஷயத்தில் அந்தத் தீர்ப்புகள் ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாகத் திரும்பியிருக்கின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழைய தீர்ப்பைக் காட்டி உங்களை மிரட்டக்கூடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பழைய தீர்ப்பு 1890-ல் வந்த கைல்ஸ் எதிர் வாக்கர் வழக்கு. காடாக இருந்த நிலம் உழவுக்குக் கொண்டுவரப்பட்டதும் அதில் ஒருவகை முட்செடி மண்டியது. நிலத்தை வைத்திருந்தவர் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் அதைப் பருவத்தில் அறுக்காமல் விட்டார். விதை காற்றில் பறந்து பக்கத்து நிலத்தில் விழுந்து முளைத்தது. கீழ் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவரது கவனக்குறைவு என்றார்கள். மேல் நீதிமன்றம் சில வரிகளிலேயே அதைத் தள்ளுபடி செய்தது: மண்ணில் இயற்கையாக முளைப்பதை வெட்டும் கடமை அண்டை நிலத்தாருக்கு ஒருவருக்கொருவர் கிடையாது என்பது அதன் சாரம். அந்தச் சில வரிகள் பல பத்தாண்டுகள் களைக்காரர்களுக்குக் கவசமாக இருந்தன.

கவசத்தை உடைத்தது களை வழக்கு அன்று, தீ வழக்கு. ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையிலிருந்த உயரமான மரத்தில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. பண்ணைக்காரர் மரத்தை வெட்டிச் சாய்த்தார், ஆனால் தண்ணீர் ஊற்றி அணைக்காமல் தானாகவே எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். காற்று எழும்பித் தீ பக்கத்து நிலங்களுக்குப் பரவியது. மின்னல் இயற்கையின் செயல், தீயை அவர் மூட்டவில்லை. ஆனாலும் ஆபத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, தன் சக்திக்கு உட்பட்ட நியாயமான நடவடிக்கையை அவர் எடுத்திருக்க வேண்டும் என்று லண்டனிலுள்ள மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் 1966-ல் சொன்னது. கோல்ட்மன் எதிர் ஹார்கிரேவ் என்பது வழக்கின் பெயர். பின்னர் 1980-ல் வெளியான லீக்கி எதிர் நேஷனல் டிரஸ்ட் தீர்ப்பில், இயற்கையான மேட்டிலிருந்து சரிந்த மண்ணுக்கும் இதே விதி பொருந்தும் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்மானித்தது. 1890-ஆம் ஆண்டின் முட்செடித் தீர்ப்பை இனிச் சரியான சட்டமாகக் கொள்ள முடியாது என்ற கருத்தும் அதில் வெளிப்பட்டது. ஜப்பானிய நாட்வீட் என்ற செடியின் கிழங்குவேர் ரயில்வே நிலத்திலிருந்து பக்கத்து வீட்டுமனைக்குள் பரவிய வழக்கில், 2018-ல், அவ்வாறு பரவுவதே தொல்லைதான் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

இந்தத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று: ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்ததா, நியாயமான செலவில் அதைத் தடுத்திருக்க முடியுமா, தடுக்க என்ன செய்தார். மூன்றாவதில் ஆளின் வசதியும் கணக்கில் வரும். இரண்டு ஏக்கர் தரிசை வைத்திருக்கும் வயதான விதவையிடமும், நூறு ஏக்கரை மனைப்பிரிவுக்காக வாங்கிப் போட்டிருக்கும் நிறுவனத்திடமும் நீதிமன்றம் ஒரே அளவு நடவடிக்கையை எதிர்பார்க்காது. எல்லையோரம் சில மீட்டர் அகலத்துக்காவது பூக்கும் முன் வெட்டிவிடுவது முதலாமவருக்கும் இயலக்கூடியதே. நிலம் முழுவதையும் வேரோடு தோண்டிச் சுத்தம் செய்யச் சொல்வது அவரிடம் கேட்கும் நியாயமான கோரிக்கை ஆகாது.

இங்கிலாந்தின் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டும், கட்டுப்படுத்தா. மரம் விழுந்து ஒருவர் இறந்த ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில், 1997-ல் நம் உச்ச நீதிமன்றம் மாநகராட்சிமீது பொறுப்பைச் சுமத்த மறுத்தது. கடமை எங்கே தொடங்குகிறது என்பதில் நம் நீதிமன்றங்கள் எச்சரிக்கையாகவே இருக்கும் என்பதற்கு அதை அடையாளமாகக் கொள்ளலாம். ஆகவே, வெளியேயிருந்து பறந்துவரும் விதைக்கு நட்டஈடு கிடைக்கும் என்று உங்களுக்கு நான் உறுதி கொடுக்க மாட்டேன். எல்லை தாண்டி வரும் கிளைக்கும் வேருக்கும் பரிகாரம் கிடைக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவே, அறிவிப்புக் கொடுத்த பிறகும் பக்கத்துக்காரர் வேண்டுமென்றே அலட்சியம் செய்த நிலையில், எல்லையோரத்தைச் சுத்தமாக வைத்திருக்கும்படி உறுத்துக்கட்டளை கேட்பது வாதிடத் தகுந்த வழக்கு.

அதனால்தான் அறிவிப்பு என்ற ஒற்றைத் தாளுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன். 'எனக்குத் தெரியவே தெரியாது, நான் ஊரிலேயே இல்லை' என்ற வாதம் அந்தத் தாள் அவர் கையில் சேர்ந்த தேதியோடு முடிந்துபோகிறது. வாய்மொழியாகச் சொன்னதும் உறவினரிடம் சொல்லி அனுப்பியதும் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. முதலில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே மனிதர்கள் விறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் ஒரு கடிதம் போயிருந்தால் பாதி விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். கடிதத்தில் புல எண்ணும் உட்பிரிவும், எந்த எல்லையில் எந்தக் களை எவ்வளவு நீளத்துக்கு நிற்கிறது என்பதும், உங்களுக்கு ஆன செலவும், நீங்கள் கேட்கும் குறிப்பான செயலும் இருக்க வேண்டும். 'நிலத்தைச் சுத்தம் செய்யுங்கள்' என்று எழுதாமல், 'கிழக்கு எல்லையிலிருந்து 5 மீட்டர் அகலத்துக்குப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கவும், வரப்பை ஒட்டிய சீமைக் கருவேலத்தைத் தூரோடு அகற்றவும்' என்று எழுதுங்கள். ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பி, ஒப்புகையையும் கடித நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் எழுதக் கூடாதவையும் உண்டு. சீமைக் கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், மழையை விரட்டும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் ஊரெங்கும் ஒரு செய்தி சுற்றுகிறது. நிரூபிக்க முடியாத அந்த வாசகங்களில் ஒன்று உங்கள் கடிதத்தில் இருந்தாலும், குறுக்கு விசாரணை அதிலிருந்துதான் தொடங்கும். நிரூபிக்கக்கூடியது வேண்டிய மட்டும் இருக்கிறது. அதன் நெற்றை ஆடுமாடுகள் தின்று சாணத்தில் விதையைப் போடுகின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். முள் குத்திய புண் எளிதில் ஆறாது. பார்த்தீனியமோ முளைத்த சில வாரங்களிலேயே பூத்து, நன்கு வளர்ந்த ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தோல் ஒவ்வாமையும் மூச்சுத்தொல்லையும் தரும்.

வழக்கு என்று போனால் உங்கள் கால் இடறும் இடம் காரணத்தொடர்பு. உங்கள் வயலில் முளைத்த பார்த்தீனியத்தின் விதை பக்கத்துத் தரிசிலிருந்துதான் வந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? சாலையிலிருந்தும், வாய்க்கால் தண்ணீரிலும், டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய சேற்றிலும், விலைக்கு வாங்கிய தொழுவுரத்திலும் அது வரும். நாட்வீட் செடிபற்றிய இன்னொரு வழக்கில், பிரிட்ஜெண்ட் நகராட்சி கடமை தவறியது உண்மையாக இருந்தும், செடி அதற்கு வெகுகாலம் முன்பே எல்லை தாண்டிவிட்டது என்பதால், மனையின் மதிப்புக் குறைந்ததற்கான நட்டஈட்டை இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2024-ல் மறுத்துவிட்டது. அதே வாதம் இங்கும் வரும்: 'என் நிலத்தைச் சுத்தம் செய்திருந்தாலும் உன் வயலில் களை முளைத்தே இருக்கும்.' இதற்கு முழுமையான பதில் கிடையாது. ஓரளவு பதில் உண்டு. எல்லையை ஒட்டிய சால்களில் களை அடர்ந்தும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருந்தால் அந்தப் படிநிலையே சாட்சியாகும். விதை முற்றும் பருவத்தில் இரு நிலமும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள்; வேளாண்மை உதவி அலுவலர் பார்வையிட்டு எழுதிய குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்து நிலம் எத்தனை ஆண்டுகளாகத் தரிசு என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (பயிர்க் கணக்குப் பதிவேடு) நகல் போதுமான ஆவணம்.

நான் நடத்திய ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு, 'மரங்களை எல்லாம் வெட்டிவிட்டோம்' என்று பதிலுரை போட்டிருந்தது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் நேரில் போய்ப் பார்த்தபோது, வரப்பிலிருந்து ஒரு கை தூரத்தில் ஒரு வெட்டுக்கட்டை. அதைச் சுற்றிலும் விரல் கனத்தில் துளிர்கள் எழும்பி, இரண்டு துளிர்கள் வாதியின் மிளகாய்ப் பாத்திக்குள் சாய்ந்திருந்தன. அவர் அதை அளந்து, படம் எடுத்து, அறிக்கையில் எழுதினார். அதற்கு மேல் வாதமே தேவைப்படவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் இருபத்தாறாம் கட்டளையின்கீழ் இப்படி ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். வழக்கைத் தாக்கல் செய்யும் நாளிலேயே அந்த மனுவையும் சேர்த்துப் போடுவது நல்லது. கோடை வந்தால் பார்த்தீனியம் காய்ந்து சாட்சியும் காணாமல் போய்விடும். செய்யச் சொல்லும் உறுத்துக்கட்டளைக்கு 1963-ஆம் ஆண்டு குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும், தொடர்ந்து நடக்கும் தீங்குக்கு வழக்குப் போடுவதற்கான காலவரையறை நாள்தோறும் புதிதாகத் தொடங்கும் என்பதற்கு அதே ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் துணைநிற்கும்.

காவல் நிலையத்துக்கும் கோட்டாட்சியருக்கும் போவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, பொதுத் தொல்லைக்கானது. முள்மரம் பொதுப்பாதையை அடைத்தாலோ, மரம் வழிப்போக்கர்மேல் விழும் நிலையில் இருந்தாலோ அதைப் பயன்படுத்தலாம். இருவர் நிலத்துக்கு நடுவிலான களைச் சண்டைக்கு அது பொருந்தாது. புதர் மண்டிக் குடியிருப்புக்குச் சுகாதாரக் கேடு வந்தால், 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அறிவிப்புக் கொடுக்க உள்ளாட்சி அமைப்புக்கு அதிகாரம் உண்டு. ஊரில் பலருக்கும் இதே தொல்லை இருந்தால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவதும், ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகப் பதிவு செய்வதும் வீண்போகாது. துறைகளுக்கு அறிவிக்கை வெளியிடும் எண்ணம் வருவதென்றால் அப்படித்தான் வரும்.

பக்கத்து நிலம் தனியார் பட்டா இல்லாமல் கண்மாய்ப் புறம்போக்காகவோ, கோவில் நிலமாகவோ, நெடுஞ்சாலைத் துறை நிலமாகவோ இருந்தால் கதை வேறு. அங்குள்ள மரங்கள் ஏலத்துக்கு உரியவை. அனுமதியில்லாமல் ஒரு கிளையை வெட்டினாலும் நீங்கள்தான் குற்றவாளி ஆவீர்கள். அரசை எதிர்த்து வழக்குப் போடுவதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பும் தேவை.

கடைசிக் கேள்வி, நீங்களே இறங்கலாமா என்பது. உங்கள் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையையும் வேரையும், உங்கள் மண்ணில் நின்றபடியே, எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ளலாம். இது 1890-களிலேயே தீர்மானமான விதி. ஆனால் வெட்டிய மரம் அவருடையது. விறகாக விற்றுக் காசாக்கினால் வம்பு வரும். அவர் நிலத்துக்குள் கால் வைத்துப் பிடுங்குவது நல்லெண்ணத்தில்தான் என்றாலும் அத்துமீறல் புகாருக்கும், மரத்தை வெட்டினால் சொத்துச் சேதப் புகாருக்கும் இடம் கொடுக்கும். அவர் எழுத்துமூலம் அனுமதி கொடுத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வெளியூர் உரிமையாளர்களில் பலர், செலவு தன்மேல் விழாது என்று தெரிந்தால் இரண்டு வரி எழுதிக் கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள். கூலியையும் பொக்லைன் வாடகையையும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளவும், விறகு விற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டு முடித்த விவகாரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

களைக்கொல்லி அடிப்பதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. 2,4-டி மருந்தின் சாரல் காற்றில் அடித்துப் போனால், சற்றுத் தள்ளி நிற்கும் பருத்தி இலைகளைக்கூடச் சுருட்டிவிடும். அப்போது வாதியாக இருக்க வேண்டிய நீங்கள் பிரதிவாதி ஆவீர்கள். தீ வைத்து அழிப்பதற்கும் இதே எச்சரிக்கை, பல மடங்கு கூடுதலாக. பார்த்தீனியத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துப் பூக்கும் முன் தெளிப்பது வேளாண்மைத் துறையினர் சொல்லும் முறைதான். அது பயிரில்லாத இடத்துக்கு உரியது, உங்கள் வரப்புக்குள் அடித்தால் மண் உவர்ப்பாகும்.

வழக்குக்குப் போகும் முன் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் முன்வழக்கு மனு ஒன்று கொடுங்கள். கட்டணமில்லாமல் எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். அங்கே எட்டும் உடன்பாடு மக்கள் நீதிமன்றத் தீர்வாகப் பதிவானால் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரான வலு அதற்கு உண்டு. உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே, இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நேரடியாக வழக்குத் தாக்கல் செய்துவிடாமல், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் பட்டா, சிட்டா, புல வரைபடம் மூன்றையும் காட்டுங்கள். குறிப்பாக, கடிதம் அனுப்பும் முன்பே நில அளவருக்குப் பணம் கட்டி எல்லையை அளந்து கல் நட்டுவிடுங்கள். இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது, 'அந்த மரங்கள் நிற்பதே உன் நிலத்தில்தான்' என்பதாக இருக்கும். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது.